பதில் வராத நாளில் சோறு இறங்கவில்லை என்றால் அது காதலா, அடிமைத்தனமா?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இப்படி வரும். மூன்று ஆண்டுகளாக ஒருவரைக் காதலிக்கிறீர்கள். அவரிடமிருந்து செய்தி வராத நாளில் உங்களுக்குச் சோறு இறங்குவதில்லை. அலுவலகத்தில் வேலை ஓடுவதில்லை. பல முறை பிரிந்திருக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் சில நாள்களிலேயே, பெரும்பாலும் நீங்களே இறங்கிப்போய், மறுபடி சேர்ந்திருக்கிறீர்கள். உங்கள் தோழி இதைப் "போதை" என்கிறார். உங்கள் காதலரோ, "கல்யாணம் ஆகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார். இதற்கிடையில் வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். இது காதலா, அடிமைத்தனமா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பது நீங்கள் கேட்டிருப்பது. ஆனால் அந்தக் கேள்விக்குள் இன்னொன்று ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது: "இவ்வளவு தவிக்கிறேனே, இந்தத் தவிப்பே என் காதல் உண்மை என்பதற்குச் சாட்சி ஆகாதா?" அதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்கு மட்டும் ஓரளவு உறுதியாகப் பதில் சொல்ல முடியும். ஆகாது. தவிப்பின் அளவை வைத்து ஓர் உறவு உண்மையானது என்றும் சொல்ல முடியாது, அது நோய் என்றும் சொல்ல முடியாது.

நான் மருத்துவ உளவியல் படித்து, பல ஆண்டுகளாக மதுரையில் ஆலோசனை அளித்து வருகிறேன். என்னிடம் வருபவர்களில் கணிசமானவர்கள் உங்கள் கேள்வியை ஏதாவது ஒரு வடிவத்தில் கேட்கிறார்கள். ஆனாலும் ஒருவரை நேரில் பார்க்காமல், சில பத்திகளை மட்டும் படித்துவிட்டு, அதிலும் மற்றவர் தரப்பைக் கேட்காமல், "உங்களுக்கு இருப்பது இன்னது" என்று பெயர் சூட்டுவது முறையாகாது. ஆகவே எதைக் கவனிக்க வேண்டும் என்பதைத்தான் என்னால் சொல்ல முடியும். கவனித்துத் தெரிந்துகொள்ள வேண்டியவர் நீங்கள்.

தவிப்பு ஏன் சாட்சியாகாது என்பதற்கு மூளை ஆய்வுகள் நல்ல விளக்கம் தருகின்றன. 2005-ல் ஆர்தர் ஆரான், ஹெலன் ஃபிஷர் முதலியோர், காதலின் ஆரம்ப வேகத்தில் இருந்த 17 பேரை, மூளையின் இயக்கத்தைப் படம்பிடிக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து, அவர்களுடைய காதலரின் படத்தைக் காட்டினார்கள். டோபமின் என்ற வேதிப்பொருளை உற்பத்தி செய்யும் நடுமூளைப் பகுதி ஒன்று சுறுசுறுப்பாக இயங்கியது. நமக்கு வேண்டியதை நோக்கி நம்மை உந்தித் தள்ளும் அமைப்பின் பகுதி அது. 2010-ல் இதே குழுவினர், அண்மையில் காதலரால் கைவிடப்பட்டும் மறக்க முடியாமல் தவித்த 15 பேரை ஆராய்ந்தபோது, அதே பகுதியோடு கொக்கெய்ன் ஏக்கத்தில் இயங்கும் பகுதிகளும் சேர்ந்து இயங்கியதைக் கண்டார்கள். "காதலும் போதையே" என்று பலரும் எழுதுவதற்கு இந்த ஆய்வுதான் முக்கியக் காரணம். ஆனால் 2012-ல் பியாங்கா அசெவேடோ தலைமையில் வெளிவந்த ஆய்வையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். சராசரியாக 21 ஆண்டுகள் மணவாழ்க்கை நடத்திய பின்னும் தங்கள் துணைமீது தீவிரமான காதல் இருப்பதாகச் சொன்ன 17 பேரிடமும் அந்த நடுமூளைப் பகுதி இயங்கத்தான் செய்தது. ஆரம்பக் காலக் காதலுக்கே உரிய பதற்றமும், ஓயாமல் அதையே நினைக்கும் போக்கும் மட்டும் அவர்களிடம் குறைவாக இருந்தன. அதாவது கைவிடப்பட்டவர், புதிதாகக் காதலிப்பவர், இருபது ஆண்டுகளாக நிறைவாக வாழ்பவர் ஆகிய மூவரிடமும் உந்துவிசை ஒன்றே. உந்தப்பட்டுச் சேரும் இடத்தில் என்ன இருக்கிறது என்பதில்தான் வேறுபாடு. இவை எல்லாம் மிகச் சிலரை வைத்துச் செய்த ஆய்வுகள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. இவற்றைக் கொண்டு ஒரு தனிமனிதரின் உறவை அளக்க முடியாது.

"காதல் அடிமைத்தனம்" என்ற பெயரைப் பற்றியும் ஒரு சொல். 1975-ல் ஸ்டான்டன் பீல் என்ற உளவியலாளரும் ஆர்ச்சி பிராட்ஸ்கியும், மனிதர் ஒருவர் போதைப்பொருளைப் போலவே இன்னொரு மனிதரையும் பற்றிக்கொள்ள முடியும் என்று விரிவாக எழுதிய பிறகு இந்தக் கருத்து பரவலானது. இருந்தும், இன்றுவரை இது அங்கீகரிக்கப்பட்ட நோய் அல்ல. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ல் வெளியிட்ட நோய்ப் பட்டியலில், பொருள் எதையும் உட்கொள்ளாமல் வரும் அடிமைத்தனம் என்று சேர்க்கப்பட்டது சூதாட்டம் ஒன்றுதான். 2022-ல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார அமைப்பின் பட்டியலில் சூதாட்டத்தோடு மின்விளையாட்டும் உண்டு, காதல் இல்லை. ஆய்வாளர்களிடையே இதில் இரு தரப்பு இருக்கிறது. மிகக் கடுமையான, வாழ்க்கையைச் சீரழிக்கும் சில நிலைகளை மட்டுமே அடிமைத்தனம் எனலாம் என்பது ஒரு தரப்பு. எல்லாக் காதலும் ஓர் எல்லைவரை அடிமைத்தனத்தின் இயல்பு கொண்டதே என்பது மற்றொன்று. நான் முதல் தரப்பின் பக்கம் சாய்பவன். இரண்டாவதை ஏற்றுக்கொண்டால், சாதாரணமாக ஏங்கும் பிள்ளைகளையெல்லாம் நோயாளிகளாக்கிவிடுவோம் என்று அஞ்சுகிறேன். இணையத்தில் பத்துக் கேள்விக்குப் பதில் சொன்னால் "நீங்கள் காதல் அடிமை" என்று மதிப்பெண் போட்டுத் தரும் சோதனைகளையும் அதே காரணத்தால் நம்ப வேண்டாம் என்பேன்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? என் அனுபவத்தில் மிகுந்த பயன் தந்த கேள்வி ஒன்று உண்டு: அவரிடமிருந்து பதில் வந்ததும் உங்களுக்குக் கிடைப்பது என்ன? அடையாளம் தெரியாதபடி மாற்றி ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். வங்கியில் வேலை பார்க்கும் இளம்பெண். என் எதிரே உட்கார்ந்ததும் கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். பேசிக்கொண்டே ஒரு விரலால் அதன் ஓரத்தைத் தூக்கிப் பார்ப்பார், மறுபடி கவிழ்ப்பார். காலையில் அனுப்பிய செய்திக்கு இரண்டு நீல டிக் விழுந்துவிட்டது, பதில் இல்லை. பேச்சின் நடுவே திரை ஒளிர்ந்தது. எடுத்துப் படித்தார். தோள் இரண்டும் இறங்கின, பெருமூச்சு விட்டார், அதுவரை தொடாமல் வைத்திருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார். "என்ன எழுதியிருக்கிறார்?" என்று கேட்டேன். "சாப்பிட்டியான்னு கேட்டிருக்கார், அவ்வளவுதான்" என்றார். "நேற்று இருவரும் எதைப் பற்றிப் பேசினீர்கள்?" என்று கேட்டபோது அவருக்கு நினைவுக்கு எதுவுமே வரவில்லை. ஏன் பதில் போடவில்லை, எங்கே போயிருந்தாய், என்மேல் கோபமா என்பதற்கு வெளியே அந்த வாரம் முழுக்க அவர்களுக்குள் ஒரு பேச்சும் நடந்திருக்கவில்லை என்பதை அவரே அப்போதுதான் கவனித்தார்.

அவருக்கு அன்று கிடைத்தது ஆறுதல். ஆனால் எதிலிருந்து ஆறுதல் என்று பார்க்க வேண்டும். அந்த மனிதர் உண்டாக்கிய பதற்றத்திலிருந்து அந்த மனிதரே தந்த விடுதலை அது. போதைக்கு ஆளானவர்களைப் பற்றி நமக்கு ஓரளவு நன்றாகத் தெரிந்த செய்தி இதுதான்: நாள்பட நாள்பட அவர்கள் இன்பத்துக்காக எடுத்துக்கொள்வதில்லை, எடுத்துக்கொள்ளாவிட்டால் வரும் வேதனை தாங்காமல் எடுத்துக்கொள்கிறார்கள். ஆரோக்கியமான உறவில் பதில் வந்தபின் ஏதோ ஒன்று தொடர்கிறது. அவர் அன்று பார்த்த ஆளைப் பற்றி, உங்கள் மேலாளர் சொன்னதைப் பற்றி, ஊரில் அத்தைக்கு உடம்பு முடியாததைப் பற்றிப் பேசுகிறீர்கள். பேசி முடித்துக் கைப்பேசியை வைத்தபின் தூக்கம் வருகிறது. மற்றதில் பதில் வந்த அரை மணி நேரத்திலேயே அடுத்த பதற்றம் தொடங்கிவிடுகிறது.

இந்தப் பதற்றம் ஏன் இவ்வளவு வலிமை பெறுகிறது என்பதற்கும் பழைய, உறுதியான ஆய்வு அடிப்படை உண்டு. பி.எஃப். ஸ்கின்னரும் சார்லஸ் ஃபெர்ஸ்டரும் 1957-ல் வெளியிட்ட விரிவான ஆய்வுகளில், ஒவ்வொரு முறையும் தவறாமல் தீனி கிடைத்த புறாக்கள் தீனி நின்றதும் விரைவில் கொத்துவதை விட்டன. எப்போது கிடைக்கும் என்றே தெரியாமல் அவ்வப்போது தீனி பெற்றவை, அது அடியோடு நின்ற பிறகும் நீண்ட நேரம் கொத்திக்கொண்டே இருந்தன. ஒரு நாள் தலைமேல் வைத்துக் கொண்டாடுவதும், அடுத்த மூன்று நாள் காரணமே சொல்லாமல் காணாமல் போவதுமாக ஒருவர் நடந்துகொண்டால், உங்கள் மனம் அவரை விடாமல் பற்றிக்கொள்வதற்கு அது ஒன்றே போதுமான காரணம். அவர் அரியவர் என்பதால்தான் அப்படிப் பற்றிக்கொண்டீர்கள் என்று நினைக்கத் தேவையில்லை. அவர் இதைத் திட்டமிட்டுச் செய்கிறார் என்றும் நான் சொல்லவில்லை. நெருக்கத்துக்குப் பயப்படுகிறவர்கள் பலர் தாங்களே அறியாமல் இப்படித்தான் நெருங்கி வருவதும் விலகுவதுமாக இருக்கிறார்கள்.

ஒருவரைச் சார்ந்திருப்பதே தவறு என்று இதிலிருந்து யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. "யாரையும் எதிர்பார்க்காமல் வாழக் கற்றுக்கொள்" என்று இப்போது காணொளிகளில் அடிக்கடி சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பிள்ளைகளுக்குத் தாயிடம் உள்ள பிணைப்பை ஆராய்ந்த ஜான் போல்பி, மனிதர் தொட்டில் முதல் சுடுகாடு வரை யாரையாவது சார்ந்தே வாழ்கிறார் என்ற கருத்தை வலியுறுத்தியவர். 1987-ல் சிண்டி ஹேசனும் ஃபிலிப் ஷேவரும் அந்தப் பிணைப்புக் கோட்பாட்டைப் பெரியவர்களின் காதலுக்கும் பொருத்திக் காட்டினார்கள். என்னிடம் வேறு ஒரு காரணத்துக்காக வந்த இராமநாதபுரம் பக்கத்துப் பெண் ஒருவரின் கணவர் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை வருவார். திருச்சி விமான நிலையத்தில் வழியனுப்பிவிட்டு வரும் அன்று அழுகை நிற்காது என்றார். வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. அன்று நீண்ட நேரம் பேசுவார்கள். மற்ற நாள்களில் அவர் இரவு வேலையில் இருந்தால் பேச்சே இருக்காது. அந்தப் பேச்சில்லாத நாள்களில் இவர் தையல் வகுப்பு நடத்துகிறார், மாமியாரோடு சண்டை போடுகிறார், பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தருகிறார், தூங்குகிறார். ஏக்கம் உங்களுடையதைவிடக் குறைவு என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் கணவர் பேசாத ஒரு நாளை, "அவர் என்னை விட்டுவிட்டார்" என்ற செய்தியாக அவர் படிப்பதில்லை. பாதுகாப்பான பிணைப்பு என்று நாங்கள் சொல்வது இதைத்தான். கண்ணில் படாதபோதும் அந்த உறவு இருக்கிறது என்ற நம்பிக்கை, அவரைத் தன் வேலையைப் பார்க்க விடுகிறது.

ஆகவே அடுத்துப் பார்க்க வேண்டியது, இந்த உறவு வந்தபிறகு உங்கள் வாழ்க்கையின் மற்ற பகுதிகள் என்னவாயின என்பது. நீங்கள் எழுதியதில் ஒரு வரி என்னை நிறுத்தியது: எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்குப் பணம் கட்டியும், அன்று அவரோடு சண்டை என்பதால் போகவில்லை என்று போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். கல்லூரித் தோழிகள் யாரோடும் இப்போது தொடர்பில்லை என்கிறீர்கள். ஒரு நல்ல உறவும் நேரத்தை எடுத்துக்கொள்ளும், தோழிகளைச் சற்றுத் தள்ளி வைக்கும்; ஆரம்ப மாதங்களில் அது இயல்பு. மூன்றாண்டுகளுக்குப் பிறகும் வட்டம் சுருங்கிக்கொண்டே போனால் அது இயல்பு அல்ல. கூடவே இன்னொன்றையும் கவனியுங்கள். அவரிடம் ஒரு சிறிய விஷயத்தில் உங்களால் "முடியாது" என்று சொல்ல முடிகிறதா? "இன்று அக்கா வீட்டுக்குப் போகிறேன், இரவுதான் பேச முடியும்" என்று சொன்னால் என்ன நடக்கிறது? முகம் சுளிப்பதும் ஒரு வேளை கோபமும் எந்த உறவிலும் வரக்கூடியவை. மறுநாள் அதற்குத் தண்டனை வருகிறதா, மௌனமோ பிளாக் செய்வதோ "போ, அக்காவையே கட்டிக்கொள்" என்ற பேச்சோ வருகிறதா, அடுத்த முறை அக்கா வீட்டுக்குப் போவதையே நீங்கள் தவிர்த்துவிடுகிறீர்களா என்பதைப் பாருங்கள். என் கணிப்பில் ஓர் உறவின் ஆரோக்கியத்தை இந்த ஓர் இடம் காட்டுகிற அளவுக்கு வேறெதுவும் காட்டுவதில்லை.

இங்கே நம் ஊர் நிலைமையைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. வெளிநாட்டில் எழுதப்பட்ட அறிகுறிப் பட்டியல்களை அப்படியே நமக்குப் பொருத்திப் பார்த்தால் தவறான முடிவுக்கு வந்துவிடலாம். ஒளித்து மறைப்பது, வீட்டில் பொய் சொல்வது, கைப்பேசியைக் கையைவிட்டு விடாமல் இருப்பது, எப்போது பேச முடியும் என்று தெரியாமல் தவிப்பது ஆகியவற்றையெல்லாம் அந்தப் பட்டியல்கள் அடிமைத்தனத்தின் அறிகுறிகளாகச் சொல்லும். ஆனால் சாதி வேறு என்பதால் வீட்டுக்குத் தெரிந்தால் உயிருக்கே ஆபத்து என்ற நிலையில் காதலிக்கும் இருவர், எவ்வளவு ஆரோக்கியமாகக் காதலித்தாலும் இவை அத்தனையும் அவர்களிடம் இருக்கும். அவன் மூன்று நாள் பேசாமல் இருந்ததற்கு அவனுடைய அண்ணன் கைப்பேசியைப் பிடுங்கி வைத்தது காரணமாக இருக்கலாம். பெற்றோரும் உறவினரும் பிடிக்காத காதலை "மயக்கம்", "பைத்தியம்", "வசியம்" என்று சொல்வது நம்மிடையே வழக்கம். இப்போது அந்தப் பட்டியலில் "அடிக்‌ஷன்" என்ற புதுச் சொல்லும் சேர்ந்திருக்கிறது. மகளின் காதலை முறிப்பதற்காக "இது நோய்தானே, நீங்களே சொல்லுங்கள்" என்று என்னிடம் அழைத்து வந்த பெற்றோர் உண்டு. பேசிப் பார்த்தால் அந்தப் பெண்ணுக்கு எந்த நோயும் இல்லை. பையன் வேறு சாதி, அவ்வளவுதான். ஆகவே தவிப்பு எங்கிருந்து வருகிறது என்பதைப் பிரித்துப் பாருங்கள். வெளியே இருந்து வரும் தடையால் நீங்கள் இருவரும் சேர்ந்து தவித்தால் அது வேறு. தடை எதுவும் இல்லாத நாளிலும் அவருடைய மனநிலை மாற்றத்தால் நீங்கள் மட்டும் தவித்தால் அது வேறு. உங்கள் விஷயத்தில் இரண்டும் கலந்திருக்கக் கூடும் என்று தோன்றுகிறது, ஆனால் அதை இங்கிருந்து என்னால் உறுதியாகச் சொல்ல இயலாது.

நம் பழைய அகப்பொருள் இலக்கணம் இந்தப் பகுப்பில் காட்டிய நுட்பத்தை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. பிரிவும் ஏக்கமும் உடல் மெலிவும் ஒத்த அன்பைச் சொல்லும் ஐந்திணைக்குள்ளேயே இடம்பெறுகின்றன. பாலையும் நெய்தலும் தவிப்பைத் தவிர வேறில்லை. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் எழும் காமத்தைக் கைக்கிளை என்றும், தேறுதல் இல்லாத அளவுக்கு மிகுந்துவிட்டதைப் பெருந்திணை என்றும் அது தனியே பிரித்து வைத்தது. தவிக்கிறாரா என்று மட்டும் அது கேட்கவில்லை. இருவரும் ஒத்திருக்கிறார்களா, தேற முடிகிறதா என்று கேட்டது.

இப்போது முக்கியமான, நீங்கள் கேட்காத ஒன்றுக்கு வருகிறேன். "போதை", "அடிமை" என்ற சொற்களில் ஓர் ஆபத்து உண்டு. கோளாறு முழுவதும் ஏங்குகிறவரிடம்தான் இருக்கிறது என்று அவை எண்ண வைத்துவிடும். அடிக்கிறவரை, மிரட்டுகிறவரை, சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்கிறவரை, கைப்பேசியின் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கித் தினமும் சோதிக்கிறவரை ஒரு பெண் விட்டு வர முடியாமல் இருந்தால், அவளுக்குக் காதல் அடிமைத்தனம் என்று பெயர் வைப்பது அவளுக்குச் செய்யும் இரண்டாவது அநீதி. கனடாவைச் சேர்ந்த டொனால்டு டட்டனும் சூசன் பெயின்டரும் 1993-ல் வெளியிட்ட ஆய்வு, கொடுமை செய்த துணையை விட்டு அண்மையில் வெளியேறிய 75 பெண்களைப் பற்றியது. இருவருக்குமிடையே அதிகாரம் ஏற்றத்தாழ்வாக இருந்து, கொடுமையும் கனிவும் மாறி மாறி வந்த உறவுகளில்தான், பிரிந்த பின்னும் பற்று விடாமல் நீடித்தது. அந்தப் பற்று பெண்ணின் குணக்கேடு அல்ல, அப்படி நடத்தப்பட்டதன் விளைவு. அவர் உங்கள்மேல் கை வைத்ததாக நீங்கள் எழுதவில்லை. ஆனால் "கோபம் வந்தால் அவர் வேற ஆள்" என்று மட்டும் எழுதி நிறுத்திவிட்டீர்கள். அதன் பொருள் அடியோ மிரட்டலோ என்றால், நான் மேலே சொன்ன "முடியாது என்று சொல்லிப் பார்ப்பது" போன்ற எதையும் தயவுசெய்து செய்யாதீர்கள். முதல் வேலை பாதுகாப்பு. 181 என்ற பெண்கள் உதவி எண்ணில் பேசலாம். சேர்ந்து வாழ்ந்தவராக இருந்தால், திருமணம் ஆகாவிட்டாலும் 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாதுகாப்புத் தர வழி இருக்கிறது. வேண்டாம் என்று சொன்ன பிறகும் விடாமல் பின்தொடர்வதும் இணையத்தில் கண்காணிப்பதும் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவின்படி குற்றம்.

பிரிய நினைக்கும்போதெல்லாம் "செத்துவிடுவேன்" என்று அவர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். இதை வெறும் நாடகம் என்று தள்ளிவிடச் சொல்ல மாட்டேன். தற்கொலைப் பேச்சை எப்போதும் உண்மையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் உண்மையாக எடுத்துக்கொள்வது என்றால், அவருடைய அண்ணனுக்கோ நண்பருக்கோ உடனே தெரிவிப்பது, 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேச முடியும் என்று அவரிடமும் அவர் வீட்டாரிடமும் சொல்வது, அந்த நேரத்தில் ஆபத்து என்றால் 108-ஐ அழைப்பது. நீங்கள் திரும்பிப் போவது அதற்குச் சிகிச்சை ஆகாது. ஒருவருடைய உயிரைக் காக்கும் பொறுப்பை மூன்று ஆண்டுகளாக ஒற்றை ஆளாகச் சுமந்துகொண்டிருக்கிறீர்கள். அதை எந்த மருத்துவரும்கூடத் தனியாகச் சுமக்க மாட்டார். உங்களுக்கே அத்தகைய எண்ணம் வந்தாலும் அதே எண்ணைத் தயங்காமல் அழையுங்கள்.

வன்முறை இல்லை என்றால், அடுத்த நான்கைந்து வாரங்களுக்கு ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள் என்பேன். அவரோடு பேசுவதற்குச் சற்று முன் உடலும் மனமும் எப்படி இருந்தன, பேசி ஒரு மணி நேரம் கழித்து எப்படி இருந்தன, அன்று உங்களுக்காகச் செய்துகொண்டது ஏதாவது உண்டா என்பதை மட்டும் இரண்டு மூன்று வரிகளில் எழுதுங்கள். அவர் நல்லவரா கெட்டவரா என்று அதில் எழுத வேண்டாம். அந்த வாதம் முடிவதே இல்லை. ஒரு மாதம் கழித்து அதைப் படிக்கும்போது, நினைவு சொல்லாத பலவற்றை உங்கள் கையெழுத்தே சொல்லும். நினைவைப் பற்றி ஓர் உண்மை: பிரிந்திருக்கும் நாள்களில் அது நல்ல நாள்களையே எடுத்துக் காட்டும். ஒவ்வொரு முறையும் சில நாள்களிலேயே நீங்கள் திரும்பிப் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

பிரிவதென்று முடிவு செய்தால் முதல் வாரங்கள் கடினமாக இருக்கும். தூக்கம் கெடும், பசிக்காது, நெஞ்சு அடைப்பதுபோல் இருக்கும், கை தானாகக் கைப்பேசியை நோக்கிப் போகும். இதை "பார், அவரில்லாமல் என்னால் முடியவில்லை, அப்படியென்றால் இது உண்மைக் காதல்தான்" என்று படித்துவிடாதீர்கள். நல்ல உறவு முறிந்தாலும் கெட்ட உறவு முறிந்தாலும் உடல் இப்படித்தான் நடந்துகொள்ளும். முன்பு சொன்ன 2010 ஆய்வில், கைவிடப்பட்ட பிறகு கழிந்த நாள்கள் கூடக்கூட, பிணைப்போடு தொடர்புடைய ஒரு மூளைப் பகுதியின் இயக்கம் குறைந்திருந்தது. காலம் ஆற்றும் என்று பெரியவர்கள் சொல்வதோடு இது பொருந்திப் போகிறது. எத்தனை நாள் என்பது ஆளுக்கு ஆள் மாறும். இருபத்தொரு நாளில் மறந்துவிடலாம் என்று விற்கப்படும் பயிற்சிகளுக்கு அறிவியல் அடிப்படை எதுவும் கிடையாது. ஆற விடாமல் கெடுப்பது எது என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்: நள்ளிரவில் அவருடைய ஸ்டேட்டஸைத் திறந்து பார்ப்பதும், "ஒரே ஒரு முறை பேசி முடித்துக்கொள்ளலாம்" என்று போவதும்.

சிகிச்சையைப் பற்றிச் சொல்வதானால், காதல் அடிமைத்தனத்துக்கென்று மாத்திரை எதுவும் இல்லை. சிந்தனைப் போக்கையும் நடத்தையையும் மாற்றும் உளவியல் சிகிச்சையும், பிணைப்பு முறையை ஆராயும் சிகிச்சையும் பலருக்கு உதவுவதை நேரில் பார்த்திருக்கிறேன். ஆனால் இதற்காகவே செய்யப்பட்ட வலுவான ஆய்வுகள் குறைவு என்பதால் உத்தரவாதம் தர மாட்டேன். இன்னொன்று, இந்தத் தவிப்புக்கு அடியில் மனச்சோர்வோ, பதற்ற நோயோ, ஓயாமல் ஒரே எண்ணம் சுழலும் ஓ.சி.டி.யோ இருக்கக் கூடும். அவற்றுக்கு நல்ல சிகிச்சை உண்டு. இரண்டு வாரத்துக்கு மேலாகச் சாப்பாடும் தூக்கமும் கெட்டிருக்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதால், ஒரு மனநல மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. புறநோயாளியாகப் போய்ச் சீட்டு வாங்கினால் போதும், செலவில்லை.

கடைசியாகக் கல்யாணப் பேச்சு. "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்று அவர் சொல்வதை நான் ஏற்கவில்லை. அவர் காணாமல் போவதற்கு உங்கள் வீட்டாரின் எதிர்ப்பு மட்டுமே காரணமாக இருந்தால் திருமணம் அதை மாற்றலாம். எதிர்ப்பு தொடங்குவதற்கு முன்பே, முதல் ஆண்டிலேயே, இப்படித்தான் இருந்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதே சமயம், இதிலிருந்து தப்பிப்பதற்காக வீட்டில் காட்டும் வரனுக்குத் தலையாட்டிவிடுவதையும் நான் ஏற்க மாட்டேன். அப்படிச் செய்துகொண்டு, ஆறு மாதம் கழித்துப் பழைய எண்ணுக்கே மறுபடி செய்தி அனுப்பியவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். நடுவில் ஒன்றும் அறியாத இன்னொரு மனிதர் மாட்டிக்கொள்கிறார். வீட்டில் முழுக் கதையையும் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் அக்கா புரிந்துகொள்பவர் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அவரிடம் மட்டும் சொல்லுங்கள். சில மாதங்களுக்கு வரன் பார்ப்பதைத் தள்ளிவைக்க அம்மாவிடம் அவர் பேசட்டும். தேர்வுக்கு இந்த ஆண்டு மறுபடி விண்ணப்பிக்க முடியுமா என்றும் பாருங்கள்.